பாதி உப்பு

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பருப்பு சூப் வைத்தால், இறந்துபோன உறவினர்கள் சாப்பிட வருவார்கள். கீழ்வீட்டுத் தையல்காரர் அதற்காகவே காலையில் மூன்று ஸ்டூல்களை மாடிப்படியில் வைத்துவிடுவார். வருகிறவர்கள் எல்லோரும் அந்தச் சூப்பில் ஏதாவது ஒரு தவறைச் சேர்த்தவர்கள். வெங்காயத்தை முதலில் கருகவிட்டவர் அத்தை; ரேடியோ கேட்டபடி அடுப்பை மறந்துபோனார். அந்த ருசி எல்லோருக்கும் பிடித்துப்போக, பிறகு கருகாத வெங்காயத்தைக் குடும்பத்தில் யாரும் மதிக்கவில்லை. மிளகை இடிக்காமல் முழுசாகப் போட்டவர் பெரியப்பா. காரணம் சோம்பேறித்தனம்தான். இப்போது வெங்காயம் கருகியதும் அத்தை வந்து உட்காருவார். மிளகு விழுந்ததும் பெரியப்பா வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இன்னும் ஆகவில்லையா என்று கேட்பார். உயிரோடு இருந்தபோதும் அவருக்கு வேறு பேச்சு கிடையாது.

மெக்கானிக்கின் மனைவி மட்டும் வரவில்லை. அவள் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவள் இந்தச் சூப்பை ஒருநாளும் வைத்ததில்லை. ஆனால் அடுப்படிப் பக்கம் போகும்போதெல்லாம், கணவர் மறந்திருப்பார் என்று தானாக முடிவு செய்து, கேட்காமல் கொள்ளாமல் உப்பு போட்டுவிட்டுப் போவாள். கல்யாணமான புதிதில் சூப்பை வாயில் வைக்க முடியவில்லை. மெக்கானிக் சண்டை போடவில்லை. தான் போடும் உப்பைப் பாதியாக்கிக்கொண்டார். இருபத்தாறு வருடம் அப்படியே ஓடியது. அவளுக்கு இது கடைசிவரை தெரியாது.

அவள் போன பிறகு முழு உப்பையும் அவரே அளந்து போட்டார். போடுவதற்கு வேறு ஆள் இல்லையே. சூப் அப்பழுக்கில்லாமல் இருந்தது, மூன்றாவது ஸ்டூல் காலியாகக் கிடந்தது. அவருக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்கிய பிறகு உதடு மரத்துக் கிடக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிவிட்டு, கொப்புளத்தைச் சாயங்காலம்தான் பார்த்தார். அவள் எங்கே என்று அத்தையிடம் ஒருமுறை கேட்டார்.

"எனக்கென்னப்பா தெரியும்? அடுப்பு கூப்பிட்டா வர்றோம், அவ்வளவுதான்."

டப்பாவில் ஒரு வேளைக்குத்தான் பருப்பு மிச்சம் இருந்தது. அதோடு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்து, வரும் ஞாயிறுக்குப் பிறகு ஸ்டூல்கள் வேண்டாம் என்று தையல்காரரிடம் சொல்லிவிட்டார்.

அந்தக் கடைசி ஞாயிறு, உப்பு போடும் நேரத்தில் போன் வந்தது. ஒரு கட்டடத்தில் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டதாம். மெயினை அணைத்துவிட்டு, மேலே போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்கும்படி காவலாளிக்குச் சொல்லிக்கொண்டே உப்பை அள்ளினார். கை பழைய பழக்கத்தில் பாதிதான் போட்டது. அவர் கவனிக்கவில்லை.

அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள் என்றார். அப்போது படுக்கையறையிலிருந்து மனைவி வந்தாள். மடிக்கவேண்டிய துணிகள் தோளில் கிடந்தன. நேராக அடுப்படிக்குப் போய், ருசிகூடப் பார்க்காமல், உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.

"எப்பவும் மறந்துடறீங்க. நான் இல்லன்னா என்னதான் பண்ணுவீங்களோ."

மெக்கானிக்கின் கையில் போன வாரத்துக் கொப்புளம் அப்போதுதான் வலிக்கத் தொடங்கியது.

"ஆமா, மறந்துட்டேன்," என்றார்.

அவள் மூன்றாவது ஸ்டூலில் உட்கார்ந்து துணி மடித்தாள். மறுநாள் அவர் இரண்டு கிலோ பருப்பு வாங்கிக்கொண்டு வரும் வழியில், ஸ்டூல்கள் வேண்டும் என்று தையல்காரரிடம் சொன்னார். மூன்றாவதுக்கு ஒரு கால் ஆடுகிறது, இனி ஆள் உட்காருவதென்றால் ஆணி அடித்துத் தருகிறேன் என்றார் தையல்காரர்.