குக்கருக்கு வந்த இரண்டாம் ரவுண்டு

“இல்ல மேடம், அது நான் இல்ல. அது எங்க வீட்டுக் குக்கர்.”

ஜெனிட்டா இதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். போனில் இருந்த எச்.ஆர். மேடம் ஆச்சரியப்படவே இல்லை.

“இருக்கட்டும்மா. ஏஐ கேட்டு மார்க் போட்டிருக்கு. தன்னம்பிக்கை தொண்ணூத்தாறு. தடுமாற்றமே இல்ல. நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தியிருக்காங்க. நாளைக்கு அவங்களை ஆபீசுக்கு அனுப்பி வைங்க.”

“அப்ப எனக்கு?”

“உங்களுக்கு ‘தயக்கம்’னு வந்திருக்கு. மூச்சு வாங்குறீங்க.”

நேற்று ஜெனிட்டா போனில் இன்டர்வியூ கொடுத்தபோது அடுப்பில் பருப்பு வெந்து குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் நடந்தது. படிப்பு முடிந்து இரண்டு வருடமாக எல்லாக் கம்பெனி ஏஐயும் அவள் குரலைத்தான் அளந்தது. அவள் என்ன சொன்னாள் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. இதுவும் போனால் பெரியப்பாவின் பாத்திரக் கடையில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குக்கருக்காக.

“பாவம், கல்யாணச் சீரா வந்ததுல இருந்து அடுப்புலயே கெடந்துச்சு. இன்னைக்கு வேலைக்கிப் போவுது.”

“எம்மா, இன்டர்வியூ குடுத்தது நானு!”

“நீ வார்த்தைய முழுங்கி முழுங்கில்லா பேசுத. அது பேசுதது தெருமுன வரைக்கும் கேக்கு. கத்தாத, அதுக்குப் பொட்டு வைக்கணும்.”

பஸ்சில் கண்டக்டர் குக்கருக்கு ஜன்னலோரம் கொடுத்தார். ஜெனிட்டா நின்றுகொண்டே வண்ணார்பேட்டை வந்தாள்.

இன்டர்வியூ அறை பத்தடி தூரம்தான் என்றார் வாட்ச்மேன். அது குக்கருக்கு. ஜெனிட்டா நடக்க நடக்க வராந்தா நீண்டது. கதவை அடையும்போது இன்டர்வியூ எடுப்பவர்கள் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அறையில் ஒரு மைக்கும் ஒரு மின் அடுப்பும் இருந்தன.

“தண்ணி ஊத்தி வச்சிட்டு நீங்க ஓரமா நில்லுங்க,” என்றார் மேனேஜர்.

ஊற்றினாள். வைத்தாள். விசிலடிக்கும் வெயிட்டை மட்டும் போடவில்லை. அதைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

குக்கர் புஸ்ஸென்று ஆவி விட்டது.

“விண்ணப்பதாரருக்கு மூச்சு வாங்குகிறது,” என்றது ஏஐ. “தயக்கம்.”

மேனேஜர் வருத்தத்துடன் குக்கரின் கைப்பிடியைத் தட்டிக்கொடுத்தார்.

ஜெனிட்டா பாய்ந்து மைக்கைப் பிடித்தாள். “சார், என் பேரு ஜெனிட்டா. நான் சொல்றத ஒரே ஒரு தடவ...”

“பின்னணி இரைச்சல்,” என்றது ஏஐ. “நீக்கப்பட்டது.”

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெயிட்டை உதடுகளுக்கு நடுவே வைத்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“வணக்கம், ஜெனிட்டா,” என்றது ஏஐ. “தொண்ணூற்றாறு.”

எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் நாற்காலி இழுத்துப் போட்டார். குக்கரை யாரோ ஓரமாக நிறுத்தினார்கள்.

“உக்காருங்க மேடம். வேலை உங்களுக்குத்தான். இப்ப உங்களப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க, கேப்போம்.”

இரண்டு வருடத்தில் அவளிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருக்கிறது. வாயில் வெயிட்டும் இருக்கிறது.

மேனேஜர் காத்திருக்கிறார். மைக்கில் சிவப்பு விளக்கு எரிகிறது. சீக்கிரம் சொல்லுங்களேன், அவள் இன்னொரு விசில் அடிக்கட்டுமா, இல்லை துப்பிவிட்டுப் பேசட்டுமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?