சோப்பு ஏந்திய பாவை

"கை வலிக்கறதாடீ?" என்று ஸ்ரீலக்ஷ்மி அக்கா ஒருநாள் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். தோளிலிருந்து விரல் வரை கடுத்துக்கொண்டிருந்தது.

குறுக்குத்துறைக்குப் போகும் வழியில் அக்காவின் மண் பட்டறை. வடக்கே டிசைன் படித்துவிட்டு வந்து, பழைய கோயில் சிலைகளைப் பார்த்து வீட்டுச் சாமான்கள் செய்தார். யாளியின் வாயில் பல் தேய்க்கும் பிரஷ் நிற்கும். தேர்ச் சக்கரத்தின் மேல் டீ தம்ளரை வைக்கலாம். இப்போது பாவை விளக்கு. கொண்டையும் காதோலையும் கிருஷ்ணாபுரத்துச் சிலையைப் பார்த்து. கையில் அகலுக்குப் பதிலாகச் சோப்புத் தட்டு. முகத்துக்கும் கைகளுக்கும் மட்டும் நான் மாதிரியாக நிற்க வேண்டியிருந்தது, இரண்டு கைகளையும் ஏந்தியபடி.

"ஏட்டி முப்பிடாதி, அந்தக் கல்லுப் பொம்பள எத்தன காலமா நிக்கா! நீ அதுக்குள்ள வளையுதியே" என்றார் அச்சு எடுக்கும் பிச்சைக்கண்ணு அண்ணன்.

"அவளுக்குப் பசிக்காதுல்லா" என்றேன். அவரிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வராமல்தான் ஒன்பதாவதோடு நின்றேன்.

சூளையிலிருந்து முதல் பாவை வந்தபோது என் மூக்கு, என் மோவாய். அண்ணன் அதைத் துடைத்துத் துடைத்து வெயிலில் வைத்தார். "மகராசி மாதிரில்லா இருக்க!" என்றார். வீட்டில் நான் சொல்லவில்லை. பீடி சுற்றும் அம்மாவுக்கு இதெல்லாம் என்ன வேலை என்று புரியாது.

ஆனால் பாவை விற்கவில்லை. யாளியும் தேங்கியது. அடுத்த மாதத்தோடு பட்டறையை மூடிவிடலாம் என்று அக்கா சொல்லியிருந்தார். மூடினால் நானும் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து சுந்தர்ராமன் வந்தார். அங்கே அவருக்குப் பரிசுப் பொருள் கடை. பாவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முகம் பிரமாதம். சோப்பை எடுத்துட்டு ஆஷ்ட்ரே வெச்சுடுங்க. ஹோட்டல்காரங்க அள்ளிட்டுப் போவாங்க. ராணி மாதிரி நின்னுட்டு சாம்பலை ஏந்தறா, நல்ல தமாஷ்!"

அக்கா சிரிக்கவில்லை. "பொண்ணு இங்கதான் இருக்கா" என்றார். பிறகு என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது. "ஒன் மூஞ்சிடீ இது. வேண்டாம்னா விட்டுடறேன். சொல்லு."

அக்கா, சுந்தர்ராமன், அச்சுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன், மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் அடைக்கப்போகிற கதவையும், அம்மாவின் மஞ்சள் படிந்த விரல்களையும் நினைத்தேன். வெறும் அசதிதான் மிஞ்சியது.

"செய்ங்கக்கா" என்றேன்.

சுந்தர்ராமன் முன்பணம் எடுக்கக் கைப்பையைத் திறந்தார். பிச்சைக்கண்ணு அண்ணன் பாவையின் அச்சைப் பாதியில் விட்டுவிட்டு, தொட்டியில் கை கழுவினார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "அண்ணே" என்று கூப்பிட்டேன். அவர் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஆற்றுப் பாதையில் தள்ளிக்கொண்டு போனார்.