ஊசி போட்ட பக்கம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை தக்காளியில் ஆராய்ச்சி செய்கிறாள். போன மாதம் அவளுடைய பச்சைக் காய் ஒன்று, ஊசி போட்ட இடத்தில் மட்டும் சிவந்தது. வீடே தலைகால் புரியாமல் ஆடியது. நான் பதினோரு புத்தகம் எழுதியிருக்கிறேன். அப்பா ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. அந்தக் காயின் படத்தை மட்டும் போனில் வைத்துக்கொண்டு, மின்கணக்கு எடுக்க வந்தவரிடம்கூடக் காட்டினார். என் வயிறு எரிந்தது. அந்தச் சூட்டில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மரபணு என்பது ஒரு..." (வேண்டாம். கட்டுரை வாடை.)

இரண்டாவது: "பசுமைக்குடிலில் வியர்வை வழிய..." (யாருக்கு வேண்டும் வியர்வை?)

மூன்றாவது நிற்கட்டும்: அட்டைக்காரிக்கு ஊசிக்காரியைக் கண்டாலே ஆகாது.

பூ விரிந்த அன்றே தேதி எழுதிய அட்டையைக் காம்பில் கட்டுவது அட்டைக்காரியின் வேலை. அந்தத் தேதியிலிருந்துதான் காய்க்கு வயது எண்ணுவார்கள். காய்க்குள் மருந்து ஏற்றுகிறவள் ஊசிக்காரி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இன்று ஒருத்திக்குக் கைதட்டல், இன்னொருத்திக்கு நூல்கண்டு.

(அடிக்குறிப்பு, அவசரக்காரர்கள் தாண்டிப்போகலாம். பழுக்கத் தேவையான மரபணுக்கள் பச்சைக் காயிலேயே இருக்கின்றன. அவற்றின்மேல் சின்னச் சின்ன வேதிக் குறிகள் பூட்டுப்போல உட்கார்ந்திருக்கும். நாள் வந்ததும் செடியே அவற்றை நீக்கும். மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறாது, காய் பழுத்துவிடும். ஊசிக்காரியின் மருந்து, நாள் வருமுன்பே குறிகளைக் குறைத்துவிடுகிறது. கொடுமை என்னவென்றால், இதை எனக்கு விளக்கியதும் தங்கைதான்.)

3

ஊசிக்காரியின் காய் ஒன்று சிவந்து கைதட்டல் வாங்கிய மறுநாள் அட்டைக்காரி தன் நோட்டைப் புரட்டினாள். முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் காயின் பூ விரிந்தபோது அவள் விடுப்பில் இருந்தாள். ஒரு வாரம் கழித்து வந்தால், பிஞ்சே பிடித்திருந்தது. யார் கேட்கப்போகிறார்கள் என்று திரும்பி வந்த நாளையே பூ விரிந்த தேதியாக எழுதிக் கட்டிவிட்டாள். தேதியில் பொய் எழுதினால் அங்கே அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

முதலில் பயம்தான் வந்தது. அப்புறம் மெல்ல ஒரு சந்தோஷம். அட்டை சொல்வதைவிடக் காய் ஒரு வாரம் மூத்தது! தானாகப் பழுத்ததற்கு ஊசிக்கு எதற்குப் பாராட்டு? சொன்னால் தன் வேலை போகும். போகட்டுமே, அவளும் விழுவாளே!

4

முடிவு அ: வாயை மூடிக்கொள்கிறாள். (சப்பென்று இருக்கிறது.)

முடிவு ஆ: கூட்டத்தில் எழுந்து எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கிறாள். ஊசிக்காரி அழுகிறாள். ஐயோ, இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு ஆனந்தம்! மூன்று பக்கம் அழவிட்டேன்.

அந்த ஆனந்தத்திலேயே தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன்.

"நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா ஊசிக்காரி எதுக்கு அழறா?"

"தேதி தப்பாச்சே! அவ ஆராய்ச்சியே போச்சே!"

"எங்க போச்சு? ஒரே காய்தானே. ஊசி போட்ட பக்கம் சிவப்பு, மத்த பக்கம் இன்னும் பச்சை. வயசாகிப் பழுத்திருந்தா முழுசாத்தானே பழுத்திருக்கும்? தேதியைத் திருத்திட்டுப் போயிட்டே இருப்பாங்க." கொஞ்சம் யோசித்தாள். "பாவம்க்கா உன் அட்டைக்காரி, இதுக்குப் போய் வேலையை விட்டுட்டாளே."

நான் தாள்களை வாங்கி அடுக்கத் தொடங்கினேன்.

"அந்த மூணு பக்க அழுகை மட்டும் ரொம்ப ரசிச்சு எழுதியிருக்க. ஊசிக்காரி நான் இல்லையே?"

"சீ, நீ இல்லடி," என்றேன்.

5

அழுகையைக் கிழித்துப் போட்டாயிற்று. இப்போது அட்டைக்காரியைக் கூட்ட அறையின் கதவுவரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். கையில் நோட்டு. உள்ளே ஊசிக்காரி பேசிக்கொண்டிருக்கிறாள். இவள் போய்ச் சொன்னால் ஊசிக்காரிக்கு ஒரு கீறலும் விழாது, இவள் வேலைதான் போகும். அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது.

ஒரு வரி எழுதினால் தடுத்துவிடலாம். மூன்று நாளாக முயல்கிறேன். "நில்லும்மா, அந்தக் காயின் மறுபக்கத்தை..." அதற்குமேல் கை நகர மாட்டேன் என்கிறது. அவளுடைய வயிற்றெரிச்சல் அத்தனையும் வீண் என்று நானே எழுதிவிட்டால், என்னுடையதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

உங்களுக்கு என் தங்கைமேல் ஒரு கோபமும் கிடையாது. நீங்களே அட்டைக்காரியிடம் சொல்லிவிடுங்கள். சீக்கிரம், கைப்பிடியில் கை வைத்துவிட்டாள்.