ஸ்டாப்பு அண்ணனும் எண்பத்தொரு கட்டமும்

பஸ் ஓட்டுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு, கண்ணுகளா. ஆள் நின்றால் மட்டும் வண்டியை நிறுத்துகிறவர் ஒரு ரகம். ஆள் நின்றாலும் நிற்காவிட்டாலும் நிறுத்துகிறவர் இன்னொரு ரகம். நான் சொல்லப்போகிறவர் இரண்டாவது ரகம். இருபத்தாறு வருஷமாக ஒரே வழித்தடம், முப்பத்தொரு நிறுத்தம். ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. மழை கொட்டும், ஈ காக்கை இருக்காது. அவர் பாட்டுக்கு வண்டியை நிறுத்துவார், கதவைத் திறப்பார், மூடுவார், அப்புறம்தான் கிளம்புவார். டிப்போவில் அவருக்கு ‘ஸ்டாப்பு’ என்றே பேர் விழுந்துவிட்டது. வயதில் சின்னவர்கள் மட்டும் மரியாதை சேர்த்து ‘ஸ்டாப்பு அண்ணன்’ என்பார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுஷனையே ஒரு நாள் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

காரணம் ரத்த அழுத்தம். வீட்டில் மனைவி கருவியை வைத்துப் பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கும். மாத்திரையும் வேளை தவறாமல் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் கம்பெனி டாக்டர் அறையில் அந்தப் பட்டையைக் கையில் சுற்ற வேண்டியதுதான் தாமதம், எண் விறுவிறுவென்று ஏறிவிடும். இவரும் அந்த எண்ணையே முறைத்துப் பார்ப்பார். பார்க்கப் பார்க்க அது இன்னும் ஏறும். இரண்டு தடவை இப்படியே ஆயிற்று.

“ஒரு மாசம் கழிச்சு வாங்க,” என்றார் டாக்டர். “அப்பவும் இப்படியே இருந்தா வண்டி தர முடியாது. கேட்ல உட்கார்ந்து வர்ற வண்டி போற வண்டி நம்பரை எழுதுங்க. அதுவும் வேலைதான்.”

அதுவும் வேலைதான். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் வண்டி ஓட்டுகிறவரை உட்கார வைத்து, மற்றவர்கள் ஓட்டுவதை எழுதச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த ஒரு மாதமும் அவர் வீட்டில். மனைவி தையல்காரி. ஜன்னல் திரை, மெத்தை உறை எல்லாம் தைப்பாள். தெருப் பக்கத்து அறையில் அவளுடைய மிஷின், பக்கத்தில் இவருடைய நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே பஸ் போகிற சாலை. கேட்க வேண்டுமா?

“பாரு, ரெண்டு நிமிஷம் லேட்டு.”

“ம்.”

“பாரு, அந்த ஸ்டாப்புல நிக்காமலே போறான்! பாரு!”

பேச்சோடு பேச்சாக அவருடைய வலது கால் தரையைப் போட்டு அழுத்திக்கொண்டே இருக்கும். மனைவி தையலை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“ஏங்க, என் கால் பெடல்ல இருக்கு. உங்க கால் பிரேக்ல இருக்கு. ஒரே ரூம்ல ரெண்டு வண்டி ஓட்ட முடியாது. யாராவது ஒருத்தர் இறங்குங்க.”

அந்த வாரம்தான் அவளுடைய தம்பி வந்தான். புத்தகம் கட்டுகிற பட்டறையில் வேலை செய்கிறவன். கையில் ஒரு புத்தகம்.

“மாமா, அட்டையைத் தலைகீழா ஒட்டிட்டோம். கடைக்குப் போகாது. உள்ள நூத்தி இருபது சுடோகு இருக்கு. பொழுது போகும், வச்சுக்குங்க.”

“கணக்கா? எனக்கும் அதுக்கும் ஏழாம் பொருத்தம்டா.”

“கணக்கே இல்ல மாமா. கூட்ட வேண்டாம், கழிக்க வேண்டாம். ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். ஒண்ணுலேருந்து ஒன்பது வரைக்கும் எண். குறுக்கு வரிசையில ஒரு எண் ஒரு தடவைதான் வரணும். நெடுக்கு வரிசையிலயும் அப்படித்தான். மூணுக்கு மூணு சின்னச் சதுரத்துக்குள்ளயும் அப்படித்தான். அவங்களே கொஞ்சம் எண் போட்டுத் தந்திருக்காங்க. மிச்சத்தை நீங்க போடணும்.”

“அவ்வளவுதானா? ஊதித் தள்ளிடுவேன்,” என்று பேனாவை எடுத்தார்.

முதல் வரிசையில் முதல் காலிக் கட்டம். நாலும் வரலாம், ஏழும் வரலாம். ஏழு போட்டார். அடுத்தது. அதிலும் இரண்டு எண் வரலாம். ஒன்றைப் போட்டார். ஒரு கட்டத்தைக்கூடத் தாண்டாமல், இடமிருந்து வலமாக, முறையாக வந்துகொண்டே இருந்தார். நாலாவது வரிசையில் மாட்டிக்கொண்டார். எந்த எண்ணைப் போட்டாலும் இடித்தது. பக்கத்தைத் திருப்பினார். அதுவும் அப்படியே. மூன்று பக்கம் பாழாயிற்று.

“அட்டையை மட்டுமா தலைகீழா போட்டானுங்க? உள்ள இருக்கிறதும் தலைகீழ்தான்!” புத்தகம் மேஜை மேல் போய் விழுந்தது.

மனைவி நூல் கோத்துக்கொண்டே அந்தப் பக்கங்களைப் பார்த்தாள். அவளுக்கும் சுடோகு புதுசுதான். ஆனால் புருஷன் புதுசில்லையே.

“அது ஏன் முதல்லேருந்து ஒண்ணு விடாம வர்றீங்க?”

“பின்ன? ஒண்ணை விட்டுட்டு அடுத்ததுக்குப் போறதா? பழக்கமில்ல.”

“ஏங்க, அது பஸ் ஸ்டாப் இல்ல. அங்க யாரும் குடை பிடிச்சுக்கிட்டு உங்களுக்காக நிக்கல. தெரியலைன்னா நிக்காம போங்க. ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. அதுக்குள்ள அங்க ஆள் வந்திருக்கும்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெடுக்கென்று ஏதோ சொல்லப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் சாப்பிட்டு எழுந்த பிறகு பார்த்தால், துணியில் குறி போட அவள் வைத்திருக்கும் பென்சில் அவர் கையில் இருந்தது.

இந்தத் தடவை தெரியாத கட்டத்தை விட்டுவிட்டுப் போனார். மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் போனார். நடுவில் ஒரு வரிசை. அதில் ஏழைக் காணோம். மூன்று இடம் காலி. இரண்டு இடத்துக்கு நேர் மேலே ஏற்கெனவே ஏழு இருந்தது. மிச்சம் ஒரே இடம். ஏழு அங்கேதான் உட்கார வேண்டும், வேறு வழியே இல்லை. போட்டார். அந்த ஏழு ஒரு மூன்றைக் காட்டிக் கொடுத்தது. மூன்று போய் ஒரு ஒன்பதைக் கூட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, ஆரம்பத்தில் விட்டுவிட்டுப் போன கட்டத்துக்குத் திரும்பி வந்தால், சத்தியமாக அங்கே ஆள் வந்திருந்தது! நாலு.

அதை எழுதிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், வீட்டுக்கு வந்து பத்து நாளில் அதுதான் அவர் விட்ட முதல் முழு மூச்சு. சாலையில் இரண்டு பஸ் போயின. அவர் நிமிரவில்லை. மனைவி மெதுவாகக் குனிந்து கீழே பார்த்தாள். வலது கால் செருப்பின் மேல் சும்மா கிடந்தது.

அதற்குப் பிறகு தினமும் இரண்டு பக்கம். ஒரே ஒரு நாள்தான் சண்டை. அவள் போகிற போக்கில் எட்டிப் பார்த்து, “அந்த மூலையில ரெண்டு வரும்,” என்று சொல்லிவிட்டாள். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

“நீ தைக்கிற திரையில நான் வந்து நடுவுல ஒரு தையல் போட்டா விடுவியா?”

நியாயம்தானே? இனி வாயைத் திறப்பதில்லை என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

மாதம் முடிந்தது. டாக்டர் அறை வாசலில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து அந்தப் பட்டையைப் பிய்க்கிற ‘பர்ர்’ சத்தம் கேட்டது. உடனே அவருடைய கால் தரையை அழுத்த ஆரம்பித்தது. அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள். அவர் பிரித்தார். கால்வாசி முடித்திருந்த பக்கம்.

பேர் சொல்லிக் கூப்பிட்டபோது இன்னும் பதினொரு கட்டம் பாக்கி. புத்தகத்தைப் பிரித்தபடியே உள்ளே எடுத்துப் போனார். நர்ஸம்மா அதை வாங்கி மேஜையில் வைத்தாள்.

“பென்சிலைக் கீழ வைங்க. கையைத் தளர விடுங்க. பேசக் கூடாது.”

பட்டை இறுகியது. கருவியில் எண்கள் ஓடின. அவர் கண் அங்கே போகவில்லை. விரித்து வைத்த பக்கத்தில் நடுச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அஞ்சு இன்னும் வரவில்லை. வாசலில் நின்ற மனைவியும் கருவியைப் பார்க்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் அந்தக் காலைத்தான். கால் ஆடவில்லை.

கருவி ‘கீ’ என்றது. நர்ஸம்மா புருவத்தைச் சுருக்கினாள். “இருங்க, இன்னொரு தடவை பார்க்கிறேன்.” மறுபடியும் பட்டை, மறுபடியும் ‘கீ’. நர்ஸம்மா டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் இரண்டு எண்ணையும் பார்த்தார். இவரையும் பார்த்தார்.

“நல்லா இருக்கே! ரெண்டு தடவையும் நல்லா இருக்கு. என்ன செஞ்சீங்க?”

“அஞ்சு எங்க வரும்னு பார்த்துக்கிட்டிருந்தேன், டாக்டர்.”

டாக்டர் புத்தகத்தின் மேல் குனிந்தார். ஆளுக்கு அந்தப் பைத்தியம் ஏற்கெனவே உண்டு போலிருக்கிறது. விரலை நீட்டி, “இதென்ன கஷ்டம், இந்த நெடுக்கு வரிசையில...” என்று ஆரம்பித்தார்.

“டாக்டர்!” என்றாள் மனைவி வாசலிலிருந்து. “அதை மட்டும் சொல்லிடாதீங்க. பிரஷர் ஏறிடும்.”

டாக்டர் சிரித்துக்கொண்டே விரலை மடக்கினார். கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினார். ‘வண்டி ஓட்டலாம்.’

அடுத்த வாரம் தைத்த திரைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க அவள் கிளம்பினாள். டெர்மினஸில் அவருடைய வண்டிதான் நின்றுகொண்டிருந்தது. எஞ்சினை அணைத்திருந்தார். கிளம்ப ஏழு நிமிஷம் இருந்தது. ஸ்டியரிங் மேல் தலைகீழ் அட்டைப் புத்தகம். அவள் முன் சீட்டில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். கடைசி வரிசையில் எட்டு வர வேண்டிய இடம் அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“தெரிஞ்சிடுச்சா?” என்றார் திரும்பாமலே.

“எனக்கென்ன தெரியும்? நான் திரை தைக்கிறவ.”

மணி ஆனது. அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுப் புத்தகத்தை மூடி உள்ளே வைத்தார். “வரும்போது பார்த்துக்கலாம்.” வண்டி கிளம்பியது. அடுத்த நிறுத்தத்தில் ஒரு குருவிகூட இல்லை. நிறுத்தினார், கதவைத் திறந்தார், மூடினார்.

“ஆளே இல்லையே!” என்றாள் அவள். “தெரியலைன்னா நிக்காம போங்கன்னு சொன்னேனே.”

“இது கட்டம் இல்லம்மா,” என்றார், கியரைப் போட்டுக்கொண்டே. “இது ஸ்டாப்பு.”