பஞ்ஜென்ட் என்றால் நெடி

...புரியுதுங்க என்று காவேரி ஏன் சொன்னாள், புரியவில்லை என்று சொல்லியிருக்கலாமே, ஆனால் மூன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிற டீச்சர் புரியவில்லை என்றால் யார் நம்புவார்கள், அதற்காகத்தானே அந்த ஹரீஷ்குமார் அவளைப் படிக்கச் சொன்னான், எவ்வளவு மரியாதையாக, மேடம் நீங்களே படிச்சுடுங்களேன் என்று, பெங்களூரிலிருந்து வந்த கம்பெனிப் பாதுகாப்பு அதிகாரி, சட்டையில் ஒரு மடிப்புக்கூட இல்லை... பஸ் குந்தாரப்பள்ளி தாண்டிவிட்டது. ஜன்னலோரம் சிவராஜ் கர்ச்சீப்பை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே எங்கேயோ சின்னதாக விசிலடிக்கிறது. மாம்பழ சீசனில், கூழ் ஃபேக்டரியின் குளிர் அறையில் அமோனியா கசிந்ததிலிருந்து இதுதான் அவன் குரல். பேச வாய் திறந்தால் காற்றுதான் வரும், பாதியைக் காவேரி உதட்டைப் பார்த்து ஊகிப்பாள், மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்வாள், டாக்டரிடம் அப்படித்தான் சொன்னாள், அவன் அண்ணனிடமும், இன்றைக்கு விசாரணை அறையிலும். புருஷனுக்கு வாயாக இருக்கிறோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்ததே, இருந்ததா இல்லையா?

குளிர் அறைக் கதவில் மாட்டியிருந்த பலகையை அப்படியே கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்திருந்தார்கள். முழுக்க இங்கிலீஷ். பஞ்ஜென்ட் வாசனை வந்தால் உடனே வெளியேறவும். அவள் உரக்கப் படித்தாள், உச்சரிப்புச் சுத்தமாக, பிள்ளைகளுக்குப் படிப்பது போல. அவள் பாடப் புத்தகத்தில் சுவைகள் என்றொரு பக்கம் உண்டு, ஸ்வீட்டுக்கு லட்டு, பிட்டருக்குப் பாகற்காய், பஞ்ஜென்ட்டுக்கு ஒரு சிவப்பு மிளகாய், மிளகாய் சிரிக்கிற மாதிரி கண்ணும் வாயும் வைத்து வரைந்திருப்பார்கள். புரியுதுங்களா மேடம்? புரியுதுங்க. அப்ப போர்டுல தெளிவாத்தானே இருக்குது? இருக்குதுங்க... ஆனா அவருக்கு இங்கிலீஷ் வராதுங்க என்று அடுத்து சொன்னாளே, அது அவன் காதில் விழுந்ததா, விழுந்தும் எழுதாமல் விட்டானா. அன்னிக்கு வாசனை வந்துச்சா என்று சிவராஜைப் பார்த்துக் கேட்டான். சிவராஜ் தலையாட்டினான். வந்தும் வெளிய போகல? மறுபடியும் தலையாட்டினான். அவ்வளவுதான், அஜாக்கிரதை, இனிமேல் வேலைக்கும் வைத்தியத்துக்கும் கம்பெனி பொறுப்பில்லை. வந்துச்சான்னு கேக்கறீங்களே, எந்த நாள் வரல? தினமும் நெடி, தினமும் கண்ணில் தண்ணீர், சூப்பர்வைசர் முனிவேலிடம் சொன்னால், சீசன்ல அப்படித்தாம்பா இருக்கும், ஈரத்துண்டக் கட்டிக்கிட்டுப் போங்க என்பான், அதே முனிவேல் இன்றைக்கு மூலையில் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். தினமும் வருகிற நெடிக்குத் தினமும் ஓடினால் அடுத்த நாள் உள்ளே விடுவார்களா? இதையெல்லாம் சொல்ல அவளுக்கு வாய் இருந்தது, அந்த வாய் புரியுதுங்க என்றது.

பஸ் ஏறியதும் முதல் வேலையாகப் போனில் அந்த வார்த்தையைத் தேடினாள், தேடி இனி என்ன ஆகப்போகிறது, இருந்தாலும் தேடினாள். லத்தீனாம். குத்து என்று அர்த்தமாம். பஞ்சரும் அதே வேரிலிருந்து வந்ததாம், பேரிகை ஊரில் டயர் கடைக்காரர் நாளெல்லாம் சொல்லுகிற அதே பஞ்சர். இங்கிலீஷுக்கு வந்தபோது முதலில் வலிக்கும் துக்கத்துக்கும்தான் அதைச் சொன்னார்களாம், நெஞ்சில் குத்துகிற துக்கம், அதற்குப் பிறகுதான் மூக்குக்கும் நாக்குக்கும் வந்ததாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பில்லை. இத்தனையும் உள்ளே வைத்திருக்கிற வார்த்தைக்கு மேல் சிரிக்கிற மிளகாயை வரைந்து நாற்பது பிள்ளைகளைச் சேர்ந்து சொல்லச் சொன்னாளே... நெடி என்று தமிழில் எழுதிவைக்க எவ்வளவு நேரம் ஆகும், இரண்டே எழுத்து. தெலுங்கில் எழுதியிருந்தாலும் அவன் எழுத்துக்கூட்டிப் படித்திருப்பான். சரி, படித்திருந்தால் வெளியே போயிருப்பானா? அவன்தான் தலையாட்டினானே, வாசனை தெரிந்தது என்று, தெரிந்தும் நின்றேன் என்று. நிற்க என்ன இருந்தது அங்கே, கூழ் டின்னும் பனிப்புகையும் தவிர? மற்றவர்கள் எல்லாரும் ஓடிவந்துவிட்டார்கள், இவன் வாசல்வரை வந்து திரும்பி உள்ளே போனான் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னார்களே, அன்றைக்கு இருந்த அழுகையில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை, திரும்பி உள்ளே போனான்...

"ஏங்க" என்றாள், பஸ் சத்தத்துக்கு மேலாக, "வெளிய வந்துட்டு எதுக்குங்க திரும்ப உள்ள போனீங்க?"

அவன் கர்ச்சீப்பை எடுத்தான். சூளகிரி மேம்பாலம் வந்தது, போனது. உதட்டைப் பார்த்து ஊகிக்கத் தயாராக அவள் குனிந்தாள்.

"எஸ்லின்" என்றான்.

"யாருங்க அது?"

"உள்ள... மாட்டிக்கிச்சு." விசில். "காண்ட்ராக்ட்டு... ரிஜிஸ்டர்ல பேரில்ல... சொன்னா... அதுக்கு வேல போயிரும்."

மற்றவர்கள் ஓடிவந்தபின் அறைக்குள் வேறு யாருமே இல்லை என்று ஹரீஷ்குமார் அறிக்கையிலிருந்து இரண்டு முறை படித்தான், அப்போதும் இவன் தலையாட்டினான். இதைச் சொல்லியிருந்தால் அஜாக்கிரதை என்று யார் எழுதுவார்கள், ஒரு உயிரை இழுத்துக்கொண்டு வந்தவன், இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் ஆபீஸ் மூடுவதற்குள் போய்விடலாம், அவள் பையை எடுத்துவிட்டாள், எழுந்துவிட்டாள், அவன் மணிக்கட்டைப் பிடித்தான், வேண்டாம் என்று தலையை அசைத்தான், பிடி இறுகிக்கொண்டே போனது, இத்தனை மாதமாகச் சோற்றை ஒழுங்காகப் பிசைய முடியாத கைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது. அவள் உட்கார்ந்தாள். நல்ல மனுஷன், எவ்வளவு நல்ல மனுஷன், அந்தப் பெண் ஒரு நாளாவது வந்து பார்த்தாளா, வந்திருந்தால் யாரென்று சொல்லி வந்திருப்பாள்... காவேரி என்று கூப்பிட அவனுக்கு இப்போது மூன்று மூச்சு வேண்டும், கா வரும், வே பாதி வரும், மீதியை அவள்தான் போட்டுக்கொள்வாள். எஸ்லின் என்பதை அவள் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. அது முழுசாக வந்தது.