ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆரோக்கியம் என்றால் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, வேலையே அப்படி. சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, ஈஸ்ட்டைத் தீனியாகப் போட்டு, எத்தனை அணுக்கள் அதை விழுங்குகின்றன என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். கிருமியை விழுங்க வேண்டிய அணு, ஈஸ்ட்டுக்கே வாயைத் திறக்காவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னொரு பங்கில் வைட்டமின் கலந்து, சோம்பேறிகளுக்குச் சுறுசுறுப்பு வருகிறதா என்றும் பார்ப்போம். பக்கத்தில் வைத்து ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். அது என்னுடையது. தும்மல்கூட என்னிடம் அனுமதி கேட்டுத்தான் வரும்.

கூட வேலை செய்பவள் என் நாத்தனார். அதிகம் பேசமாட்டாள், அவளுக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள், இந்த வைட்டமினை விழுங்கினால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்பார்கள். கிண்ணத்தில் நடப்பது வேறு, உடம்பில் நடப்பது வேறு என்று ஒரு பிடி பிடித்துத்தான் அனுப்புவேன்.

அன்றைக்கு என் அணுக்கள் விழுங்கவில்லை. வழக்கத்தில் பாதிகூட இல்லை. நாத்தனாரும் எட்டிப் பார்த்தாள்.

ஆய்வை நடத்தும் டாக்டரம்மா வந்து, ஈஸ்ட் பழசாகியிருக்கும் என்றார். புதிதாகக் கரைத்தோம். அதே கதை. அணுக்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் வெந்நீர்த் தொட்டியைச் சோதித்தார், அதிலும் குறையில்லை. கடைசியில் மெதுவாக, கை தவறுவது எல்லோருக்கும் நடப்பதுதான், இன்றைய முடிவை விட்டுவிடலாம் என்றார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், என் கையைச் சொல்லக்கூடாது. நாத்தனாரை உட்காரவைத்து அவள் கையிலிருந்து ரத்தம் எடுத்தேன். அதே ஈஸ்ட், அதே தொட்டி, அதே கை. அவளுடைய அணுக்கள் பட்டினி கிடந்தவர்கள் சோற்றைக் கண்டதுபோல விழுங்கித் தள்ளின.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். "நல்லா பாருங்க மேடம். ஈஸ்ட்டும் சரி, சூடும் சரி, என் கையும் சரி."

ஜெயித்துவிட்ட குரலில்தான் சொன்னேன். நாத்தனார் என் தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அதை நிரப்பி நிரப்பிக் குடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியென்றால் மிச்சம் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விரலை நானே குத்திக்கொண்டேன். மீட்டரில் வந்த எண், எங்களிடம் வரும் பாதி நோயாளிகளுக்கு வருவதைவிட அதிகம். டாக்டரம்மா முறையான பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். பயமாக இருந்தது. என் பார்வை தானாக வைட்டமின் டப்பாவின் பக்கம் போனது.

"அதப் பாக்காதீங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "சர்க்கரையக் கவனிக்காம அத முழுங்கி ஒரு பிரயோஜனமும் இல்லன்னு நீங்கதான எல்லாரையும் திட்டுவீங்க? முதல்ல வாங்க, டெஸ்ட்டுக்குப் போலாம்."

அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எழுந்தேன். இன்றைய முடிவை மட்டும் நீக்கினால் போதும் என்றார் டாக்டரம்மா. எனக்கு ஒப்பவில்லை.

"என் ரத்தம் எப்ப கெட்டுச்சுன்னு யாருக்குத் தெரியும் மேடம்? சமீபத்துல ஒப்பிட்டதெல்லாம் தூக்கிப் போடுங்க. மறுபடி செய்யலாம். கை இருக்கில்ல?"

முறையான பரிசோதனையும் சர்க்கரை நோய் என்றுதான் சொன்னது. இப்போது ஒப்பிட நாத்தனாரின் ரத்தம். நோயாளிகள் பக்கம் சேர்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் என் குழாயைப் பழைய இடத்தில் வைக்கப் போன நாத்தனாரின் கையிலிருந்து அதை வாங்கி, நோயாளிகளின் வரிசையில் நானே வைத்தேன். கை அதே கைதான்.