பல்கலைக்கழகத்து உத்தரவு

சீட்டு எடுக்க ஊர் கூடுவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தபோது சகாதேவன் வந்தான். தேவகிக்கு அவன் பெரியப்பா மகன். கையில் பொன்னேரியில் பிரிண்ட் எடுத்த இரண்டு தாள்கள்.

"தங்கச்சி, மச்சானுக்கு உத்தரவு வந்துடுச்சி. பட்டணத்துல பெரிய பல்கலைக்கழகம். லேப் அட்டெண்டர். திங்கக்கிழமை சேரணும்."

முதல் தாளில் சலுகைகள் இருந்தன. குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு, பிஎஃப், பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தில் கழிவு, சம்பளத்தோடு லீவு. காப்பீடு என்ற வரியை தேவகியின் கணவன் மோகன்குமார் விரலால் தடவினான். மகளுக்கு இடது காது கேட்பதில்லை. ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி ஒரு வருடம் ஆகிறது.

"அப்ப பேரை எடுக்கச் சொல்லிடலாமா மச்சான்?" என்றான் சகாதேவன்.

அந்த ஊரில் அது சின்ன விஷயமல்ல. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு அருகே, இறால் ஓடும் இடத்தில் வலை கட்டும் உரிமைக்குப் பாடு என்று பெயர். வருடத்துக்கு ஒருமுறை சீட்டு எடுத்து, வீட்டுக்கு ஒரு பெயராக முறை பிரிப்பார்கள். மாதச் சம்பளத்துக்குப் போகிறவன் அதற்கு முன்பே பெயரை எடுத்துவிட வேண்டும். எடுத்த பெயர் திரும்ப ஏறியதாக தேவகி கேள்விப்பட்டதே இல்லை.

தாள்களை அவளிடம் விட்டுவிட்டு இருவரும் கிளம்பிய பிறகுதான் இரண்டாவதைப் படித்தாள். மேலே பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை. ஆள் அனுப்பும் ஏதோ கம்பெனியின் பெயர். ஆறு மாத ஒப்பந்தம். கீழே பொடி எழுத்தில், நிரந்தரப் பணியாளர்களுக்கான சலுகைகள் இப்பணிக்குப் பொருந்தா என்றிருந்தது.

அவளுக்கு அதே ஊர் மீனவன் சம்பந்தத்தின் நினைவு வந்தது. போன வருடம் அவனுக்கு வேலை பார்த்துக் கொடுத்ததும் சகாதேவன்தான். அதற்கு முன் சிவகுமாருக்கு. இரண்டு பேரும் திரும்பி வந்து, இப்போது சகாதேவனின் படகில் கூலிக்குப் போகிறார்கள். பெயர்கள் குறையக் குறைய, மிச்சமிருப்பவர்களுக்கு முறை சீக்கிரம் வரும். இத்தனை நாள் இதை அவள் சேர்த்துப் பார்த்ததில்லை. வாசலில் வெயில் அசையாமல் கிடந்தது. ஏரிப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எல்லாப் படகுகளும் கரையேறியிருந்தன.

ஊர் கூடியிருந்த கோயிலுக்கு ஓடினாள். பெண்கள் அந்தக் கூட்டத்துக்குள் வருவதில்லை.

"இன்னா தேவகி, இங்க வந்து நிக்கிற?" என்றார் ஊர்த் தலைவர்.

"இது ஆறு மாச வேலைங்க. காப்பீடும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எழுதியே கீது."

பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான். "டேய் மோகனு, உன் வக்கீலம்மா வந்துட்டாங்கடா!"

மோகன்குமார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியும். நானும் படிச்சேன். ஆறு மாசத்துல பெர்மனன்ட் பண்ணிடுவாங்கனு மச்சான் சொல்றாரு. பாப்பா காதுக்கு வேற வழி இன்னா கீது, நீயே சொல்லு."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சம்பந்தத்தின் பக்கம் அவள் திரும்பினாள். "அண்ணே, உன்கிட்டயும் இதத்தான சொன்னாரு?"

சம்பந்தம் பதில் சொல்வதற்கு முன் சகாதேவனைப் பார்த்தான். சகாதேவன் அன்பாகத் தலையசைத்தான்.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா."

தலைவர் நோட்டில் ஒரு கோடு போட்டார். சீட்டுகள் போட்டிருந்த குடத்துக்குள் கைவிட்டு மோகன்குமாரின் சீட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தது சகாதேவன்தான். பிறகு குடத்தை இரண்டு கையாலும் நன்றாகக் குலுக்கினான்.

"வெயில்ல நிக்காத தங்கச்சி," என்றான். "மச்சானுக்கு நான் கீறேன்."